எழாத பெடல்

மெக்கானிக் தரையில் மல்லாந்து படுத்து, பியானோவின் அடிவயிற்றுக்குள் தலையை விட்டபடி, வீட்டுக்கார சாரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறையாக அதே வீடு. அதே புகார்.

"பெடல் கீழ போனா மேல வரமாட்டேங்குது தம்பி. சத்தமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கூழாயிடுது. ஒரே கட்டை திரும்பத் திரும்ப வர்ற இடத்துல பாதியை முழுங்கிடுது."

தானாக வாசிக்கும் பியானோ அது. பாட்டின் ஃபைலை ஏற்றிவிட்டால் போதும். உள்ளே இருக்கும் இயந்திரம் கட்டைகளை இறக்கி ஏற்றும், பெடலையும் அழுத்தி விடும். ஆளே வேண்டாம்.

முதல் முறை வந்தபோது, காதில் விழாத மெல்லிய சுரங்களுக்கெல்லாம் கொஞ்சம் பலம் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை பெடலின் தண்டுக்கு எண்ணெய் போட்டு, ஃபைலில் பெடல் எழும் இடங்களை ஒவ்வொன்றாக இம்மி இம்மியாக முன்னால் நகர்த்தினார். கண் பூத்துப் போகிற வேலை. வாசிக்க விட்டுப் பார்த்தால் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, சாரிடமிருந்து ஃபோன்.

இன்றைக்கு அவர் விடுவதாக இல்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடங்களில் கட்டை எழுந்து மூச்சுவிட இடைவெளி கொடுத்தார். பெடலை இன்னும் சீக்கிரம் எழ வைத்தார். பிறகு முழுப் பாட்டையும் ஓடவிட்டார்.

ஒரு பிசிறு இல்லை.

"எங்க சார் முழுங்குது?"

சார் தாடையைச் சொறிந்தார். "நீங்க இருக்கும்போது நல்ல பிள்ளையாட்டம் இருக்கு. நீங்க போனதும்தான்…"

'நான் போனதும் அதுக்குப் பேயா பிடிக்குது?' என்று நாக்கு நுனி வரை வந்ததை மெக்கானிக் விழுங்கிக்கொண்டார்.

போதாததற்கு, சார் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்குரூடிரைவரைப் பைக்குள் எடுத்துப் போடுவதற்குள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடுவதும் இவர், விரட்டுவதும் இவர்.

கீழே போய் வண்டியை எடுக்கும்போதுதான் லேப்டாப்பின் சார்ஜரை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினார்.

பாதிப் படியில் பியானோ கேட்டது.

கூழ். சார் சொன்னாரே, அப்படியே. பெடல் எழவேயில்லை. சத்தம் சத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நடுவில் சுரங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

அப்படியானால் அந்த மனுஷன் சொன்னதெல்லாம் நிஜம். கோளாறு தன் வேலையில்தான். மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது.

சார் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார். அவசரமாக மாட்டிய இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. படிய வாரிய தலை. இடுப்புக்குக் கீழே மட்டும் சற்றுமுன் போட்டிருந்த அதே சாயம் போன அரைக்கால் சட்டை. பக்கவாட்டில் புத்தகங்களின் மேல் வீடியோ காலில் ஃபோன் சாய்ந்திருந்தது. இயந்திரம் இறக்கிய கட்டைகளைச் சாரின் விரல்கள் எழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. வலது கால், பிரேக்கை மிதிப்பது போலப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அந்த இடம் இன்னிக்கும் தடுக்குதே" என்றது ஃபோனில் ஒரு பெண் குரல்.

"பழகிட்டிருக்கேம்மா. அம்மா போனதுலருந்து சும்மாவே உக்காந்திருக்கீங்க, ஏதாவது கத்துக்குங்கன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன்பா. இன்னிக்காவது வாசிச்சு முடிச்சதும் ஃபோனை வச்சிடாதீங்க."

சார் கட்டைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மெக்கானிக்குக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா மூன்று முறை படி ஏறினோம்? இம்மி இம்மியாக நகர்த்தினோமே! உள்ளே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று காலை எடுத்து வைத்தார்.

அப்போதுதான் சாரின் முதுகு கண்ணில் பட்டது. சட்டை தொப்பலாக நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மனுஷன், பரீட்சை எழுதும் பிள்ளையைப் போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தார். சார் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். மெக்கானிக் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். ஃபோனுக்குத் தெரியாது என்று அவர் கணக்குப் போட்ட பக்கமாகப் போய்ச் சாரின் கணுக்காலைப் பிடித்தார். காலைத் தூக்கித் தரையில் வைத்தார். பெடல் எழுந்தது. பிறகு சாரின் மணிக்கட்டைக் கீழிருந்து ஒரு விரலால் லேசாக உயர்த்திவிட்டார். கட்டையைத் தொடாமல், தொடுவது போல.

சத்தம் தெளிந்தது.



"அப்பா, கீழ இருக்கிறவருக்குக் குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?"

அந்தக் குரலில் துளி ஆச்சரியம்கூட இல்லை.

சாரின் இரண்டு கைகளும் மடியில் வந்து விழுந்தன. கட்டைகள் தம் போக்கில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. மெக்கானிக் அவசரமாக ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்கண்ணா" என்றாள் அவள். "அது பாட்டுக்கு வாசிக்கட்டும். அப்பா, நீங்க பேசுங்க."