டாக்டர் பங்களா சீஸ் கேக்

1953இல் யூதப் பெருநாளுக்கு வட்டகொடை தேயிலைத் தோட்டத்து டாக்டர் துரை பங்களாவில் சீஸ் கேக் சுட்டபோது குசினியில் இருந்தவர்கள் மூவர்: சமையற்காரரான எங்கள் சித்தப்பா சடையப்பன், சித்தி நாகலெட்சுமி, டாக்டரின் மனைவி ரேச்சல் துரைசாணி.

"கேக்கு சரியா வரலைன்னா தொரை வேற ஆள வச்சிருவாருங்க," என்றாள் சித்தி.

துணியில் வடிகட்டிய தயிரில் சித்தப்பா சீனியைக் கொட்டினார்.

"போதும். எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடு," என்றார் துரைசாணி.

"சரிங்க தொரசாணி."

"யாருகூடங்க பேசுறீங்க?" என்றாள் சித்தி.

மாலையில் ஒரு துண்டைத் தின்ற டாக்டரின் முகம் வெளுத்தது. "எலுமிச்சைத் தோல் போட யார் சொன்னது? அதை ரேச்சல் யாருக்கும் சொல்லாமலே செத்துப்போனாளே."

சித்தப்பாவின் வேலை நிலைத்தது.

துரைசாணியின் ஆவி கேக் சுட்டதாக தொழிலாளர் லயத்தில் இன்றும் பேசுகிறார்கள். அது பொய். சுட்டவர் எங்கள் சித்தப்பா. துரைசாணி பக்கத்தில் நின்று சொன்னார், அவ்வளவுதான்.