எதிர்த்தவர் ஒருவர்

"எழும்ப வேண்டாம் பிள்ளை, இருந்துகொண்டே கதையுங்கோ" என்றார் சிவபாதசுந்தரம். "நாங்கள் அஞ்சே அஞ்சு பேர். சின்னக் கமிட்டியில பிரேரணை, வழிமொழியிறது ஒண்டும் தேவையில்லை. ஒரு ஆள் எத்தனை தரமும் கதைக்கலாம்."

ஜீவராணிக்கு மனம் குளிர்ந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் அவள் குடியிருக்கும் ஃபிளாட்ஸின் நிர்வாகக் கமிட்டியில் அவளுக்கு இது முதல் கூட்டம். போன மாதம் தலைவர் சிவபாதசுந்தரமே வீடு தேடி வந்து, "உங்களைப் போல மனச்சாட்சியுள்ள ஆக்கள்தான் எங்களுக்கு வேணும்" என்று கேட்டுச் சேர்த்திருந்தார்.

பேச வேண்டிய விசயம் ஒன்றுதான். காவலாளி ராமையாவை நிறுத்திவிட்டு ஒரு செக்யூரிட்டி கொம்பனியை எடுப்பது. அவரும் மனைவி பாக்கியலெட்சுமியும் இருக்கிற கேற்றடி அறையை இடித்து, கார் நிறுத்த இடம் எடுப்பது.

"பாக்கியலெட்சுமி அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யேல்லை" என்றாள் ஜீவராணி. "கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில மெசினில போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் அவவுக்கு உயிர். திருப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினால், அங்க லயத்தில இருந்துகொண்டு அந்த மனிசி எங்க போறது?"

இரண்டாம் மாடி ஹமீமா சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அல்லாஹ்வே, பாவம் அந்த மனிசி!"

"நீங்கள் சொல்லுறது நூறு வீதம் சரி" என்று தலையாட்டினார் நகைக்கடை லோகேஸ்வரன்.

"நப்ரீஸ், அவ சொல்லுறதில ஒரு சொல்லும் விடாமல் எழுதும்" என்றார் சிவபாதசுந்தரம். மற்றவர்கள் பேசியபோதெல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் நப்ரீஸ், இப்போது தலை நிமிராமல் எழுதினான்.

"இன்னும் ஏதும் இருக்கா பிள்ளை? மனசில ஒண்டையும் வைச்சிராதையுங்கோ."

இருந்தது. "கொரோனா நேரம் நாங்கள் கதவே திறக்கேல்லை. எங்கட வாசலுக்கு வாசல் அரிசி, மருந்து, பால்மா கொண்டுவந்து வைச்சது ஆர்? அந்தாளுக்கு ஏதும் நடந்தால் எண்டு எங்களில ஒருத்தராவது யோசிச்சமா? இண்டைக்கு அந்தாளை றோட்டில விட்டால் நாங்கள் மனிசரா?"

சிவபாதசுந்தரமே எழுந்து வந்து தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். இவ்வளவு பொறுமையாகத் தன்னை யாரும் பேசவிட்டு அவளுக்கு நினைவில்லை. வென்றுவிட்டோம் என்றே எண்ணினாள்.

"சரி, எல்லாரும் கேட்டாச்சு. ராமையாவை நிறுத்தச் சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ. சின்னக் கமிட்டி எண்டபடியால் தலைவருக்கும் வாக்கு இருக்கு."

முதலில் உயர்ந்தது அவர் கைதான். அடுத்தது லோகேஸ்வரன். நப்ரீஸ் பேனையை வைக்காமல் இடக்கையை உயர்த்தினான். கடைசியாக ஹமீமா, ஈரம் காயாத கண்களோடு, ஜீவராணியைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

"ஒருவர் எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறிட்டுது."

மற்ற மூவரும் அவசரமாக எழுந்து போனார்கள். ஜீவராணி இருந்த இடத்திலேயே இருந்தாள். கீழே யாரோ ஹோர்ன் அடிக்க, "வாறேங்க ஐயா, வாறேங்க" என்று ராமையா கேற்றைத் திறக்க ஓடும் சத்தம் கேட்டது. நாளை காலை வெளியே போகும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நான் கமிட்டியை விட்டு விலகிறன் ஐயா" என்றாள். "இண்டைக்கு நான் இவ்வளவு கதைச்சும் ஒரு பிரயோசனமும் இல்லை."

சிவபாதசுந்தரம் உண்மையாகவே பதறிப்போனார்.

"ஐயோ பிள்ளை, அப்பிடிச் சொல்லாதையுங்கோ! எதிர்த்துக் கதைக்க ஒரு ஆள் இருந்தால்தான் தீர்மானம் கோர்ட்டில நிக்கும் எண்டு லோயர் சொன்னபடியால்தானே உங்களைச் சேர்த்தனாங்கள்."