காலில் ஒட்டிய சேறு

மாட்டுக்காரி நல்லம்மாளின் மாட்டுக் கட்டுத்தறிக்குள் நுழைந்த அற்புதராஜுக்கு, அவள் காலில் ஒட்டியிருந்த குட்டைச் சேற்றைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மாட்டைக் குட்டைக்கரையில மேய விடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டியா?"

"நான் எங்கீங்க சாமி உட்டேன்?" என்றாள் அவள்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ஐம்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் ஊர் மாடுகளில் பாதி ஈரல் புழு வந்து, தாடை வீங்கி, எலும்பும் தோலுமாக நின்றன. குட்டை நத்தையிலிருந்து வரும் புழு கரையோரப் புல் பூண்டில் ஒட்டியிருக்கும், தின்றால் ஈரலைத் துளைக்கும் என்று வீடு வீடாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

சொல்கிறவர் உடம்பும் சொன்னபடி கேட்கவில்லை. தை மாதம் வந்த காமாலை போய்விட்டது. சித்திரையில் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். கைகண்ட மருந்தெல்லாம் பொய்த்துப் போயின.

"ஈரல் வீங்கியிருக்கு, ஏன்னுதான் புரியலை. திங்கக்கிழமை வந்து படுத்துடுங்க, வயித்தைத் திறந்து பாத்துடலாம்" என்று சேலத்து டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"கோவத்தை அப்பறம் வெச்சுக்கலாமுங்க. மொதல்ல இதை மெல்லுங்க, உங்க நோவுக்கு நல்லது." நல்லம்மாள் ஒரு பிடி கரிசலாங்கண்ணியை நீட்டினாள். காமாலை கண்ட நாளிலிருந்து அவள் விடாமல் செய்துவரும் வைத்தியம் அது.

அவர் பச்சையாகவே வாயில் போட்டு மென்றுகொண்டு, மாட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு. தாடை வீக்கமும் வற்றியிருந்தது.

"மாடு தேறிடுச்சு. வைத்தியம் பாத்தவன்தான் தேறலை" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் அந்தச் சேறு கண்ணை உறுத்தியது. "பொய் மட்டும் சொல்லாதேம்மா. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போகாம உன் காலுக்குச் சேறு எப்படி வந்துச்சு?"

நல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செங்கோட்டு மலை மேல சத்தியமுங்க சாமி, மாட்டை அந்தப் பக்கமே ஓட்டறதில்லீங்க. உங்களுக்குக் கீரை பறிக்கத்தானுங்க தெனமும் குட்டைக்குப் போறேன்."