பழையபடி திருடு

காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டு, கம்பெனித் தண்ணியைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறவளை நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?

சக்ரபாணி சார் கத்தினார். கத்தின கத்தலில் என் இடுப்பிலிருந்த குழந்தையே அழுதுவிட்டது. எங்கள் சனத்நகர் குவார்ட்டர்ஸில் அவர்தான் பெரிய ஆபீஸர். வரிசையில் கடைசி வீடு. அதற்கு முந்தினது எங்களுடையது.

“ஏ போச்சம்மா! இது யார் தண்ணி தெரியுமா?”

சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்றாள் அவள், பக்கத்து வயல்காரத் தெலுங்குக்காரி. “நாலு பாத்தி கீரை தொரா. எங்க கிணத்தைத்தான் உங்க பேக்டரி போர் உறிஞ்சிடுச்சே!”

“கீரையாம்! ஒரு டன் இரும்பு உருக்கினால் தேசம் முன்னேறும். உன் கீரையால் என்ன முன்னேறும்?”

“மத்தியானம் உங்க வீட்டுப் பருப்பு முன்னேறும் தொரா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. வருகிற சனிக்கிழமை குவார்ட்டர்ஸ் அசோசியேஷனில் அவர் பேசுவதாக வேறு இருந்தது: ‘விவசாயிகள் வீணாக்கும் நீரும் ஐந்தாண்டுத் திட்டமும்.’ அதை அவர் சம்சாரம் ஜலஜா மாமிக்கு உரக்கப் படித்துக் காட்டினாரே, அந்த நேரம் பூரா கொல்லைப் புல்தரையில் குடிதண்ணிக் குழாய் திறந்தபடி கிடந்தது.

மறுநாளே கொத்தனார் வந்தான். ஓட்டைக்கு சிமென்ட்.

“மூணு நாள் காய்ஞ்சா பாத்தி போயிடும் தொரா,” என்று கெஞ்சினாள்.

“தேசத்துக்காகக் காயட்டும்!”

சனிக்கிழமை. பேச்சுக்கு முன்னால் ஜெனரல் மேனேஜர் அவர் வீட்டுக்குக் காபி சாப்பிட வருகிறார். வாசலில் இழைக்கோலம், அடுப்பில் பஜ்ஜி.

கொல்லையில்?

பதினெட்டு வீட்டுக் குளியல் தண்ணி, துணி அலசின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி. கம்பெனி கட்டித் தருவதாகச் சொன்ன சாக்கடை இன்னும் பைலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகப் போச்சம்மா அந்த ஓட்டை வழியே அடைப்பெடுத்து இழுத்துக்கொண்ட தண்ணியெல்லாம் போக்கிடம் இல்லாமல் புல்தரையை முழுக்கடித்து, சமையலறைப் படி ஏறியிருந்தது.

ஜலஜா மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்தாள். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

சார் பேச்சுக் காகிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். வாடிப்போன பாத்திக்கு நடுவில் போச்சம்மா உட்கார்ந்திருந்தாள்.

“போச்சம்மா... கடப்பாரை இருக்காம்மா? கொஞ்சம் சீக்கிரம் வந்து, பழையபடி திருடிக்கோயேன்!”