படம் காட்டாத கணினி

இவன் அதை மேசைமேல் மட்டும் வைக்காமல் இருந்தால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தம்பி வைத்துவிட்டான்.

புத்தம்புது லேப்டாப். பக்கத்தில் அவளுடைய பழைய கணினி, தூக்கம் கலைந்த கிழவனைப்போல உறுமிக்கொண்டிருந்தது.

"இதைத் தூக்கிப் போடுக்கா. ஒரு படம்கூடத் தெரியாது. கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் லாயக்கு."

படம் தெரியாதுதான். அவள் கணினிப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பெட்டி அது. மற்ற கணினிகளில் தசமக் கணக்குகளைப் போடத் தனியாக ஒரு மின்சில்லு உண்டு. இதில் அது கிடையாது. எழுத்தை மட்டும் காட்டும் ஒரு பிரௌசரை ஏற்றிப் பார்த்தாள். திறந்த உடனே அது அந்தச் சில்லைத் தேடும், காணாமல் அப்படியே விறைத்து நிற்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மண்டையை உடைத்துக்கொண்டு, சில்லு இருப்பதுபோலப் பாவனை செய்யும் ஒரு குட்டி நிரலைத் தேடிப் பிடித்தாள். ஏமாந்த பிரௌசர் ஓடத் தொடங்கியது.

நத்தை வேகம்தான். ஆனாலும் முதல் பக்கம் வந்து நின்றபோது, ஆளில்லாத அறையில் எழுந்து கைதட்டினாள்.

மகள் தொலைவில் வேலை பார்க்கிறாள். தனக்கென்று ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறாள். போனில் பேச்சுக்குப் பஞ்சம். சாப்ட்டேன்மா, நல்லா இருக்கேன், வெச்சிடவா. அவ்வளவுதான்.

போன மார்ச்சில் ஒருநாள் அவள் மகளிடம் சொன்னாள், என் பெட்டியில் உன் படங்கள் வராது, படம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் காட்டுவதற்கென்று நீ எழுதிவைக்கும் வரி மட்டும்தான் வரும் என்று.

அன்றிலிருந்து வரிகள் வந்தன. பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் மகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள். கண்ணால் மேய்ந்தால் ஒன்றும் விளங்காது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் உரக்கப் படிப்பாள். மகளின் பேச்சு அவள் வாயிலிருந்தே வரும்.

படம்: என் ஜன்னல். வெளியே மழை. நேத்து அழுதேன். இன்னிக்கு அழல.

படம்: நான் போட்ட ஆம்லெட். ஒரு பக்கம் கரி. அந்தப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டல.

படம்: புது ஸ்வெட்டர். ஒருத்தர் குடுத்தார். யாருன்னு கேக்காதே, நானே சொல்றேன்.

அவள் கேட்கவில்லை. மூன்று வாரமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் வந்துவிட்டால் எல்லாப் படமும் பளிச்சென்று தெரியும். தெரிந்தபின் மகள் எதற்கு எழுதப் போகிறாள்? மறுபடி, சாப்ட்டேன்மா, வெச்சிடவா.

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடுவதற்குள், அவன் லேப்டாப்பில் மகளின் பக்கத்தைத் திறந்துவிட்டான்.

வரிசையாக வெற்றுச் சதுரங்கள்.

அவன் மூடித் திறந்தான். வேறொரு தளத்துக்குப் போனான். அங்கே பூனைக்குட்டிகள் மீசை முடிவரை தெளிவாக இருந்தன. மகளின் பக்கத்துக்குத் திரும்பினான். சதுரங்கள். கீழே கீழே இழுத்துக்கொண்டே போனான்.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு. உன் பொண்ணு படமே போடலக்கா! போன மார்ச் வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் வெறும் கட்டம்தான், ஒண்ணுலகூடப் படம் இல்ல."

மார்ச்.

சதுரங்களுக்குள் பொடி எழுத்தில் ஏதோ இருப்பதைக் கண்டு அவன் குனிந்தான். படிக்க வாயெடுப்பதற்குள் அவள் லேப்டாப்பின் மூடியை மெல்லச் சாத்தினாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா சிரிக்கிற? இரு, படத்தை ஒழுங்காப் போடச் சொல்லி அவளுக்குப் போன் பண்றேன். நீ இதை வெச்சுக்கோ."

அவள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, அவன் தோளிலேயே மாட்டிவிட்டாள்.

"ரெண்டும் வேணாம்டா. அவ படமெல்லாம் நல்லாத்தான் எடுக்குறா."