வந்து சேர்ந்த சத்தம்

போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது.

அவர் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

போன் இப்போது மேசையின் அந்தப் பக்கம் இருந்தது. அகல்யாவின் பக்கம்.

அவர் மனைவி தமயந்தியின் நாற்காலிக்கு அகல்யா வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பெண்கள் நிலை பற்றி ஆய்வு செய்து அரசுக்குச் சொல்கிற சிறிய நிறுவனம். அதன் நிதியும் நிர்வாகமும் இனி இந்தப் பெண் கையில். வங்கி, வருமான வரி, வாடகை வேன், தண்ணீர் லாரி என்று எல்லாமே தமயந்தியின் எண்ணில் கிடந்தன. அலுவலகம் வாங்கிக் கொடுத்த எண். திருப்பிக் கேட்டார்கள்.

நியாயம்தான்.

போனைத் துடைத்து, முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"பவுனுத்தாய்," என்றார், திரையைப் பார்க்காமலே. "மணப்பாறைப் பக்கம். இந்த நேரத்துக்கு அவங்கதான்."

அகல்யா திரையைப் பார்த்தாள். பவுனுத்தாய்தான்.

"திருப்பிக் கூப்பிட வேண்டாமா சார்?"

"கூப்பிட்டா பயந்துடுவாங்க. வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். மத்தியானம் சாப்பிடவில்லை போல. டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். "எலுமிச்சை சாதம். கொஞ்சம் எடுத்துக்கங்க சார்."

"நீங்க சாப்பிடுங்கம்மா."

ஊர் ஊராகப் போய், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வேலை செய்தாய் என்று பெண்களிடம் கேட்டு எழுதி வருகிற பெண்களில் பவுனுத்தாயும் ஒருத்தி. கேட்பவளுக்கும் அதே வேலைகள் வீட்டில் காத்திருக்கும். இருட்டிய பிறகுதான் பஸ் கிடைக்கும். வீட்டு வாசலை மிதித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட வேண்டும். தமயந்தி வைத்த சட்டம்.

ஆண்டறிக்கையில் இதற்குக் கம்பீரமான பெயர் உண்டு. களப்பணியாளர் பாதுகாப்பு ஏற்பாடு.

ஏற்பாடு என்றால் வேறொன்றுமில்லை. கடைசிப் பெண் வீடு சேரும்வரை தமயந்தி சாப்பிட மாட்டாள்.

"நிதி, நிர்வாகம்னு கதவுல போர்டு. இங்க உக்காந்து பஸ்ஸுக்குக் காவல்," என்று அவர் சீண்டுவார்.

"இதுவும் நிர்வாகம்தான். உங்களுக்குப் பசிச்சா நீங்க சாப்பிடுங்க."

அவருக்குப் பசிக்கும். சாப்பிட மாட்டார்.

ஆஸ்பத்திரியிலும் போன் தமயந்தியின் தலையணைக்கு அடியில் இருந்தது. கண்ணைத் திறக்க முடியாத நாளிலும் சத்தம் கேட்கும்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

அவள் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவளை எரித்துவிட்டு வந்த அன்று மாலை, அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது போன் அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

அலுவலகம் அந்தப் பெண்களுக்கு வேறு எண் கொடுத்திருந்தது. அதற்கும் அடித்தார்கள். இதற்கும் அடித்தார்கள்.

அவர் உலை வைத்தார். கடைசி மணி வந்ததும் சாப்பிட்டார். மறுநாளும் அப்படித்தான்.

ஒரு மழை நாளில் ரஹ்மத்தின் மணி வரவில்லை. சோறு ஆறிப்போனது. பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார்.

"பஸ் நடுவழியில நின்னுடுச்சு அக்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சார், நீங்களா?"

வேன்காரனை எழுப்பி அனுப்பினார்.

அடுத்த நாளிலிருந்து மணிகள் கொஞ்சம் சீக்கிரமாக வரத் தொடங்கின. சார் பசியோடு உட்கார்ந்திருப்பார் என்று ரஹ்மத் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது போன் மறுபடி அடித்து நின்றது.

"எஸ்தர்," என்றார்.

"எஸ்தர்," என்றாள் அகல்யா, திரையைப் பார்த்து. "இன்னும் யார் பாக்கி சார்?"

"ரஹ்மத் மட்டும். துவரங்குறிச்சி. அந்த பஸ் எப்பவுமே லேட்டுதான். நீங்க கிளம்புங்க, போனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. தமயந்தியும் அப்படித்தான்."

அவர் எழுந்தார். சார்ஜரை மேசை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

அகல்யா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் கூட எடுக்கவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு, போனைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவர் படியிறங்கினார்.

உறையூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு முறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு போன்தான் இருந்தது.

வீடு இருட்டாக இருந்தது. பூட்டைத் திறந்தார்.

இன்று எந்தச் சத்தமும் வராது.

உள்ளே காலை வைத்தவர், அப்படியே நின்றார்.

மேசையில் தள்ளி வைத்த டிபன் பாக்ஸ் நினைவுக்கு வந்தது.

செருப்பைக் கழற்றக்கூட இல்லை. தன் போனை எடுத்தார். அந்த எண் அவரிடம் இன்னும் பழைய பெயரில்தான் இருந்தது. அழுத்தினார். இருட்டில் தமயந்தி என்று வெளிச்சம் வந்தது.

ஒரே ஒரு மணி.

துண்டித்துவிட்டு, விளக்கைப் போட்டு, தட்டை எடுத்தார்.