மேல்வயல் தவளையோட உத்தரவு

மலையிலேருந்து எறங்குற ஆறு, அணையில தேங்கி, வாய்க்காலாப் பிரிஞ்சு, மொதல்ல மேல்வயலுக்குத்தான் வரும். அது நெறஞ்சாத்தான் கீழ்வயலுக்கு.

மேல்வயல்ல ஒரு குண்டுத் தவளை கழுத்தளவு தண்ணியில சொகமா ஒக்காந்திருந்துச்சு. வரப்புக்குக் கீழ ஒரு தாய்த்தவளை கத்துச்சு.

"அண்ணே, தண்ணியில்லாம எம்புள்ளைங்க துடிக்குதுங்க! கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணே!"

குண்டனுக்கு ஒரு சொட்டு தண்ணி விடவும் தெரியாது. ஆனா தோரணையப் பாக்கணுமே! தொண்டையை உப்பிக்கிட்டு, "க்ர்ர்ம்... ஆத்துல வரத்து எவ்வளவு, அணையில இருப்பு எவ்வளவு, எல்லாம் பாக்கணும்மா. மனு எழுதிட்டு நாளைக்கு வா"ன்னுச்சு.

"நாளைக்கு வரைக்கும் புள்ளைங்க உசுரோட இருக்குமாண்ணே?"

அந்நேரம் ஒரு நண்டு, பொண்டாட்டி தொல்லை தாங்காம, வரப்புல வீடு தோண்டிக்கிட்டே போயி அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு. அந்த ஓட்டை வழியா தண்ணி குபுகுபுன்னு கீழ்வயலுக்குப் பாஞ்சுது. குட்டிங்க வாலை ஆட்டிக்கிட்டு நீந்துச்சுங்க.

"ரொம்ப நன்றி நண்டண்ணே!"ன்னு தாய்த்தவளை கத்துறதுக்குள்ள குண்டன் முந்திக்கிச்சு. "பாத்தியா, உத்தரவு போட்டுட்டேன்ல!"

மேல்வயல்ல தண்ணி கழுத்துலேருந்து இடுப்புக்கு எறங்குச்சு. அப்புறம் வெறும் சேறு. அந்தச் சேத்துல தொப்பை ஒட்ட ஒக்காந்துக்கிட்டு குண்டன் கேட்டுச்சு.

"போதுமா தங்கச்சி, இன்னும் கொஞ்சம் விடவா?"